வேதியியல் கடைசி ஆண்டு: துறையை முடிவு செய்துவிட்டுத் தேடவா, கிடைத்ததில் சேரவா?

கரைசல்21:
எல்லோருக்கும் வணக்கம். இளநிலை வேதியியல் கடைசி ஆண்டில் இருக்கிறேன். படிப்பு முடிந்ததும் வேலைக்குப் போக வேண்டும், மேற்படிப்பு இப்போதைக்கு இல்லை. வேலைத் தளங்களில் 'வேதியியல்' என்று தேடினால் ஆசிரியர் பணிகள் வருகின்றன. மற்றவற்றில் 'இரண்டு ஆண்டு அனுபவம்' என்று போட்டிருக்கிறது. கூடப் படிப்பவர்கள் பலர் மென்பொருள் பக்கம் தயாராகிறார்கள். எனக்கு அதில் மனம் போகவில்லை. ஆய்வகத்தில் நிற்கப் பிடிக்கும். டைட்ரேஷன், நிறமாலைக் கருவி என்று அளந்து பார்க்கும் வேலை எதுவானாலும் நேரம் போவதே தெரியாது. ஆனால் ஆராய்ச்சியாளராகும் எண்ணமும் இல்லை.

எந்தத் துறை என்று முதலில் முடிவு செய்ய வேண்டுமா? அல்லது எது கிடைத்தாலும் சேர்ந்துவிட்டுப் பிறகு யோசிக்கலாமா? குடும்பத்தில் இந்த மாதிரி வேலையில் யாரும் இல்லை, கேட்க ஆளில்லை.

நடைவழி:
சேர்ந்துவிடுங்கள் என்பதே என் கருத்து. இருபது வயதில் போடும் திட்டம் அப்படியே நடப்பது அபூர்வம். மிட்செல், லெவின், க்ரம்போல்ட்ஸ் என்ற மூன்று பேர் 1999-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எதிர்பாராமல் வரும் வாய்ப்புகளை ஏற்கவும், அவை வரும்படி நாமே நடந்துகொள்ளவும் பழக வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதற்கு வேண்டியவையாக ஆர்வம், விடாமுயற்சி, வளைந்துகொடுத்தல், நம்பிக்கை, துணிவு ஆகிய ஐந்தையும் சொன்னார்கள். நான் படித்தது இயற்பியல், இப்போது பார்ப்பது காப்பீட்டு நிறுவன வேலை. இதை எந்தத் திட்டத்திலும் நான் எழுதியிருக்க முடியாது.

தராசுமுள்:
தம்பியா தங்கையா என்று தெரியவில்லை, பொதுவாகவே சொல்கிறேன். ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் பகுப்பாய்வாளராகச் சேர்ந்தேன். இப்போது புதிதாக வருபவர்களைத் தேர்வு செய்வதும் என் பொறுப்பு. உங்கள் கேள்வி எனக்கு மிக நெருக்கமானது. பதில் நீளும், பொறுமையாகப் படியுங்கள்.

நடைவழி சொல்வதில் பாதி சரி. வாழ்நாளுக்கும் சேர்த்து இப்போதே முடிவு செய்ய வேண்டாம். ஆனால் 'எது கிடைத்தாலும்' என்று தேடினால் விண்ணப்பத்தில் எழுத ஒன்றுமே இருக்காது. இரண்டு வகை வேலையைத் தேர்ந்தெடுத்து மூன்று மாதம் அவற்றை மட்டும் தேடிப் பாருங்கள். பிடிபடவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் 'வேதியியல்' என்று தேடுவதை விடுங்கள். நிறுவனங்கள் விளம்பரத்தில் போடுவது செய்ய வேண்டிய வேலையின் பெயரை. தரக் கட்டுப்பாடு, தர உறுதி, பகுப்பாய்வாளர், கருவி அளவுத்திருத்தம், ஒழுங்குமுறை விவகாரம், காப்புரிமைத் தேடல் என்று தேடினால் வேறொரு பட்டியலே வரும். நீர், மண், உணவு மாதிரிகளைச் சோதிக்கும் கூடங்கள் தனி. சோதனைக் கூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 என்ற சர்வதேசத் தரநிலையைப் பின்பற்றும் கூடங்கள் அதை விளம்பரத்திலேயே சொல்லும், அந்த எண்ணைப் போட்டும் தேடலாம். ஹெச்.பி.எல்.சி. (கரைசலில் கலந்திருக்கும் பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) மாதிரியான கருவிகளைச் செய்து விற்பவர்களுக்கும் வாடிக்கையாளரிடம் போய் இயக்கிக் காட்ட வேதியியல் தெரிந்தவர் வேண்டும்.

பலர் கேள்விப்படாத ஒன்றையும் சொல்கிறேன். அபாயமுள்ள ரசாயனம் விற்பனைக்குப் போகும்போது பாதுகாப்புத் தரவுத் தாள் ஒன்றும் கூடப் போகும். ரசாயனங்களின் அபாயத்தை வகைப்படுத்தும் ஐ.நா.வின் ஜி.ஹெச்.எஸ். முறைப்படி அதில் 16 பகுதிகள். தீயை அணைப்பது எப்படி என்பது 5-ஆம் பகுதியில், கையாளுவதும் சேமிப்பதும் 7-இல், நச்சுத்தன்மை 11-இல். இந்தத் தாள்களை எழுதித் திருத்துவதையே முழுநேர வேலையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். வேதியியலும் தெளிவாக எழுதும் கையும் சேர்ந்தவர்களுக்கு ஏற்ற இடம்.

அப்புறம், தேர்ந்தெடுத்த வேலையில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். என் ஆய்வகத்தில் மாதிரி வரும், செறிவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல் தயாரிப்போம், கருவி ஒழுங்காக இயங்குகிறதா என்று சரிபார்த்த பிறகுதான் மாதிரியை ஓட்டுவோம். ஒவ்வொன்றும் அந்த நேரத்திலேயே ஏட்டில் ஏற வேண்டும். தவறாக எழுதிவிட்டால் ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். வெள்ளை மை பூசக் கூடாது. முடிவு வரம்புக்கு வெளியே போனால், இன்னொரு முறை செய்து பார்த்து நல்ல எண்ணை எடுத்துக்கொள்ள முடியாது, ஏன் அப்படி வந்தது என்று விசாரணை நடக்கும். இரவு ஷிப்ட் உண்டு. இதைக் கேட்டதும் சிலருக்கு முகம் வாடும், சிலருக்கு ஆர்வம் கூடும். நீங்கள் எந்தப் பக்கம் என்பது சேருவதற்கு முன்பே தெரிந்தால் நல்லது.

கேட்க ஆளில்லை என்கிறீர்கள். நெருங்கிய சொந்தம் வேண்டியதில்லை. மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பாஸ்டன் புறநகர் ஒன்றில், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம் விசாரித்தார். அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர் மூலம் என்று 55.6 சதவீதம் பேர், அரிதாகப் பார்ப்பவர் மூலம் என்று 27.8 சதவீதம் பேர். அவர் பேசியது சில டஜன் பேரிடம்தான். ஆனால் 2022-இல் லிங்க்ட்இன் தளத்தின் சுமார் 2 கோடிப் பயனர்களை வைத்துச் செய்த சோதனையிலும் ஓரளவு தூரத்துப் பழக்கமே வேலை மாற அதிகம் உதவியதாகத் தெரிந்தது. காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிவது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். உங்களுக்கு மூன்று ஆண்டு முன்னால் படித்த சீனியர், கருவி பழுதுபார்க்க வரும் பொறியாளர், ஆய்வகப் பொருள் கொண்டுவரும் விற்பனையாளர், இவர்கள்தான் உங்களுக்கு வழி.

ரெஸ்யூமே பற்றி ஒன்றே ஒன்று. 'கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுவேன்' என்பதைத் தினமும் படிக்கிறேன், கண் நிற்பதில்லை. 'சோடியம் கார்பனேட்டைக் கொண்டு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தரப்படுத்தினேன், நிறமாலைமானியில் ஐந்து செறிவுகளுக்கு கேலிபிரேஷன் கோடு வரைந்தேன்' என்று எழுதியவரை உடனே அழைப்பேன். இதைக் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்திருக்கிறீர்கள்தானே? எழுதுங்கள். 'இரண்டு ஆண்டு அனுபவம்' என்று இருந்தாலும், கேட்ட கருவியை நீங்கள் தொட்டிருந்தால் விண்ணப்பியுங்கள். முடிவு சொல்வது எங்கள் வேலை, அதை நீங்களே எங்களுக்காகச் செய்துவிடாதீர்கள்.

மூன்றாம்வரி:
அக்கா சொன்னதோடு ஒரு தொழில்நுட்ப விஷயம். பெரிய நிறுவனங்களில் விண்ணப்பத்தை முதலில் மென்பொருள் பிரித்து அடுக்கும். பக்கத்தைப் பக்கவாட்டில் இரண்டாகப் பிரித்த பத்தி, அட்டவணை, படத்துக்குள் எழுத்து என்று இருந்தால் வரிகள் குழம்பலாம். பி.டி.எஃப்.-இல் இருப்பதை முழுதாக நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை மாறாமல் படிக்க முடிந்தால் போதும்.

வேலை தருகிறோம், முன்பணம் கட்டு, பயிற்சிக் கட்டணம் கட்டு என்று யார் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கடைசி ஆண்டு மாணவர்களைக் குறிவைத்தே இது நடக்கிறது. கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

கரைசல்21:
தங்கைதான் அக்கா. இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. ஏட்டில் கோடு போட்டு அடித்துக் கையெழுத்திடுவதைப் படித்தபோது எனக்கு ஆர்வம்தான் கூடியது. தரக் கட்டுப்பாட்டையும் பாதுகாப்புத் தாள் எழுதுவதையும் எடுத்துக்கொள்கிறேன். சீனியர் ஒருவர் தண்ணீர் சோதனைக் கூடத்தில் இருக்கிறார், பேசியதே இல்லை. என்ன எழுதுவது? நேர்காணலில் என்ன கேட்பீர்கள்?

தராசுமுள்:
சுருக்கமாக எழுதும்மா. 'வணக்கம். உங்கள் துறையிலேயே கடைசி ஆண்டு படிக்கிறேன். தண்ணீர் மாதிரிகளைச் சோதிக்கும் வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இந்த வாரமோ அடுத்த வாரமோ இருபது நிமிடம் தொலைபேசியில் பேச முடியுமா?' இவ்வளவு போதும். முதல் செய்தியிலேயே வேலை கேட்காதே, ரெஸ்யூமே இணைக்காதே. பேசும்போது, 'நேற்று காலை முதல் மாலை வரை என்னென்ன செய்தீர்கள்?' என்று கேள். 'வேலை எப்படி?' என்றால் 'நன்றாக இருக்கிறது' என்று முடித்துவிடுவார்கள். கடைசியில், 'இன்னும் யாரிடம் பேசலாம்?' என்றும் கேட்டுவிடு. பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டு.

நேர்காணலில் நான் எல்லோரிடமும் கேட்பது, 'இரண்டு முடிவுகள் ஒத்துப்போகாதபோது என்ன செய்தாய்?' என்பதுதான். என்ன சூழல், உன் பொறுப்பு என்ன, நீ என்ன செய்தாய், என்ன ஆனது என்ற வரிசையில் சொல்லப் பழகு. நடந்ததை உள்ளபடி சொன்னால் போதும், முடிவு சரியாக வந்திருக்க வேண்டும் என்பதில்லை. சரி, ரெஸ்யூமேயைத் திருத்தியதும் பெயரையும் எண்ணையும் எடுத்துவிட்டு இங்கே போடு. வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.