பதுங்கிச் சுட்ட ஷார்ப்ஷூட்டரால போர்ல என்ன மாறுச்சு?

ஒத்தக்கடைப் பையன்:

எம்.ஏ. வரலாறு, ரெண்டாம் வருஷம். போன வாரம் அமெரிக்க உள்நாட்டுப் போர்ல (1861–65) ஷார்ப்ஷூட்டர்கள், அதாவது மறைஞ்சிருந்து தூரத்துல இருந்து குறி பாத்துச் சுடுறவங்க பத்தி செமினார் எடுத்தேன். 1864 மே 9, ஸ்பாட்சில்வேனியாவுல வடக்குப் படை ஜெனரல் ஜான் செட்ஜ்விக், "இந்தத் தூரத்துல இவனுங்களால ஒரு யானையக்கூட அடிக்க முடியாது"ன்னு சொல்லி வாய மூடுறதுக்குள்ள குண்டு பாஞ்சு செத்தாருன்னு முடிச்சேன். பின் பெஞ்சுல ஒருத்தன் "யானைமலையவா மாப்ள?"ன்னு கேக்க, கிளாசே சிரிச்சிருச்சு.

அப்பத்தான் சார் மடக்கிட்டாரு. "ஒரு ஜெனரல் போனா இன்னொருத்தர் வரப்போறார். ஆறு லட்சம் பேருக்கு மேல செத்த போர்ல, வாலிய அடிச்ச மாதிரி மறைஞ்சு நின்னு நாலு பேரச் சுட்டதால என்னய்யா மாறுச்சு?" எனக்குப் பதில் வரல. வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுக்கணும். பட்டாளத்துல இருந்தவங்க யாராச்சும் உதவுங்க.

திருமங்கலம் ஹவில்தார் (ஓய்வு):

தம்பி, மெட்ராஸ் ரெஜிமென்ட்ல 17 வருஷம். இப்ப ஒரு பேங்க் வாசல்ல பன்னெண்டு போர் (12 bore) துப்பாக்கியோட ஸ்டூல்ல உக்காந்திருக்கேன். இந்த மாதிரி படிக்க நேரத்துக்குப் பஞ்சமில்ல.

உங்க சார் செத்த தலைய எண்ணுறாரு. அதுல ஒண்ணும் தேறாது. பீரங்கியப் பாருங்க. அந்தக் காலத்துப் பீரங்கிக்கு மருந்தும் குண்டும் வாய் வழியாத்தான் போகணும். நம்ம ஊர்த் திருவிழாவுல அதிர்வேட்டுக்காரர் குழாய்ல மருந்தக் கொட்டி இடிச்சுக் கெட்டிக்கிறாருல்ல, அதே வேலைதான், ஆளுயரக் கம்புல. ஒவ்வொரு வெடிக்கும் ஒருத்தன் பீரங்கியோட வாய்ப்பக்கம் வந்து நிக்கணும். மொதல்ல ஈரம் நனைச்ச கம்ப விட்டு உள்ள தொடைக்கணும், இல்லன்னா மிச்சப் பொறியில அடுத்த மருந்து கையோட வெடிச்சிரும். அந்தக் கம்புக்காரனத்தான் ஷார்ப்ஷூட்டர் குறி வைப்பான். 1862 ஏப்ரல்ல யார்க்டவுன் முற்றுகையில, வடக்குப் பக்கம் ஷார்ப்ஷூட்டர் படை அமைச்ச ஹைரம் பெர்டனோட ஆளுங்க செஞ்சது இதுதான். எதிர்ல பீரங்கி இருக்கு, மருந்து இருக்கு, கம்பத் தூக்கிட்டு வாய்ப்பக்கம் வர ஆளு இல்ல. ரெண்டு பேரு விழுந்தா மூணாவது ஆளு வருவானா? ஒரு குண்டும் வீணாக்காம பகல் பூரா ஒரு பீரங்கிய ஊமையாக்கலாம். இத உங்க சார் எந்தக் கணக்குல எழுதுவாரு?

பெர்டன் படையில லேசுல சேர முடியாது. 200 கஜத்துல துப்பாக்கியத் தாங்கல்ல வச்சு பத்து ரவுண்டு. நடுப்புள்ளியில இருந்து ஒவ்வொரு ஓட்டைக்கும் தூரம் அளந்து கூட்டுவாங்க. மொத்தம் 50 இஞ்சு தாண்டுனா ஊருக்குப் போயிரலாம். 200 கஜம்னா, நம்ம மதுரைத் தெப்பக்குளத்துக் கரையில நின்னு மைய மண்டபத்தப் பாருங்க, அதுக்கும் கொஞ்சம் கூடுதல். அங்கிட்டு ஒரு சாப்பாட்டுத் தட்ட மாட்டி வச்சு அடிக்கிற மாதிரி. வெறுங்கண்ணால.

பச்சை யூனிஃபார்ம், கையில ஷார்ப்ஸ் ரைபிள். இது அடிப்பக்கம் திறந்து தோட்டா போடுறது. மத்த சிப்பாய் குழல் வாய்ல மருந்து கெட்டிக்க எந்திரிச்சு நிக்கணும், நிமிஷத்துக்கு மூணு ரவுண்டு போட்டாப் பெருசு. இவன் படுத்த இடத்துலயே எட்டு போடுவான்.

இன்னொரு சங்கதி, தூரம் கணிக்கிறது. நான் ரிக்ரூட்டா இருந்தப்ப வெலிங்டன்ல 300 மீட்டர் ஃபயரிங். அஞ்சு ரவுண்டும் நெஞ்சுக்குப் பதிலா வயித்துல. ட்ரெய்னிங் குடுத்த உஸ்தாத் குனிஞ்சு பாத்தாரு, தூரத்துக்கு ஏத்த மாதிரி மாத்தி வைக்க வேண்டிய சைட்டு 200-லயே கெடக்கு. மிச்சத்த இங்க எழுத முடியாது. எங்க எஸ்.எல்.ஆர். ரைபிள் குண்டுக்கே அப்படின்னா, அந்தக் காலத்து ஈயக்குண்டு ரொம்ப மெதுவு, வளைஞ்சு போயி விழும். 500 கஜத்துக்குச் சைட்டு வச்சா பாதி வழியில ரெண்டு ஆள் உயரத்துக்கு மேல ஏறிப் போகும். தூரத்தத் தப்பாக் கணிச்சா எதிரி தலைக்கு மேல போயிரும். அதனால கண்ணு கூர்மையா இருந்தா மட்டும் பத்தாது, கண்ணுக்குள்ள ஒரு அளவுகோல் வேணும்.

செட்ஜ்விக் கதையில ஒரு திருத்தம். வாய மூடுறதுக்குள்ள சாகல. குண்டுக்குப் பயந்து குனிஞ்சவங்களக் கேலி பண்ணி அந்த யானை வசனத்தச் சொன்னாரு, கொஞ்சம் பொறுத்து இன்னொருக்கவும் சொன்னாரு, அதுக்குப் பெறகுதான் இடது கண்ணுக்குக் கீழ பட்டுச்சு. தெற்குக்காரங்ககிட்ட இங்கிலாந்துல செஞ்ச விட்வொர்த் ரைபிள் கொஞ்சம் இருந்துச்சு. குழலுக்குள்ள அறுகோணம். அந்தக் குண்டு வித்தியாசமா விசிலடிச்சுக்கிட்டு வருமாம். செட்ஜ்விக்கச் சுட்டது யாருன்னு மட்டும் இன்னைக்கு வரைக்கும் முடிவாகல.

ஸ்டுடியோக்காரன், தெற்கு மாசி வீதி:

ஹவில்தார் ஐயா சொன்னதோட ஒண்ணு. செமினார்ல கெட்டிஸ்பர்க் சண்டை போட்டோ எதுவும் போட்டீங்களா தம்பி? ரெண்டு பாறைக்கு நடுவுல கல்லடுக்கு, கீழ ஒரு தெற்குச் சிப்பாய் செத்துக் கெடப்பான், சுவத்துல துப்பாக்கி சாஞ்சிருக்கும். போட்டோக்காரர் அலெக்சாண்டர் கார்ட்னர் குழு 1863 ஜூலையில எடுத்தது. 'ஷார்ப்ஷூட்டரோட வீடு'ன்னு தலைப்பு வச்சு வித்தாங்க. 1961-ல ஃபிரெடெரிக் ரேங்கிறவரு மத்த படங்களோட வச்சுப் பாத்து, அதே உடல் வேற எடத்துலயும் கெடக்குறதக் கண்டுபுடிச்சாரு, 1970-கள்ல வில்லியம் ஃபிராசனிட்டோங்கிறவரு அத இன்னும் விரிவா ஆராஞ்சாரு. தூக்கிட்டு வந்து பாறைக்குள்ள போட்டு எடுத்திருக்காங்க. அந்தத் துப்பாக்கியும் ஷார்ப்ஷூட்டர் துப்பாக்கி இல்ல.

எனக்கு அதுல ஆச்சரியமில்ல. ஈரம் காயுறதுக்குள்ள கண்ணாடித் தட்டுல எடுத்து, வண்டிக்குள்ளயே கழுவணும். இம்புட்டுப் பாடுபட்டு எடுக்குறவன் ஃபிரேம் அமையலன்னா சும்மா விடுவானா? நாங்க கல்யாணத்துல மாப்பிள்ளைய மூணு தடவை தாலி கட்ட வைக்கலையா. ஆனா பொணத்தத் தூக்குனது ரொம்ப ஓவரு.

ஒத்தக்கடைப் பையன்:

ஐயோ, அந்தப் படத்தத்தான் முதல் ஸ்லைடாப் போட்டேன்! ரொம்ப நன்றி அண்ணே. பீரங்கிக் கணக்க அப்படியே எழுதிக்கிறேன் ஐயா. அந்த வாலி கேள்விக்கு மட்டும் என்ன எழுத?

திருமங்கலம் ஹவில்தார் (ஓய்வு):

அது பட்டிமன்றத்துலயே இத்தனை வருஷமாத் தீராதது. ஒண்ணு சொல்றேன். வின்ஸ்லோ ஹோமர்னு ஒரு ஓவியர், மரக்கிளையில உக்காந்து குறி பாக்குற ஷார்ப்ஷூட்டர வரைஞ்சு பேர் வாங்குனவரு. யார்க்டவுன்ல ஒரு ஷார்ப்ஷூட்டரோட துப்பாக்கித் தொலைநோக்கி வழியாப் பாத்திருக்காரு. 1896-ல ஒரு கடுதாசியில, பட்டாளத்துல கொலைக்கு இம்புட்டுக் கிட்டத்துல வந்தது வேற எதுவுமில்லன்னு எழுதி, அந்த வட்டத்துக்குள்ள தெரிஞ்ச ஆளையும் வரைஞ்சு வச்சாரு.

நானும் ஒருக்கப் பாத்தேன். மலையில ஒரு போஸ்ட்டுல, ஸ்னைப்பர் பையன் அவனோட டிராகுனோவ் ரைபிள் தொலைநோக்கியில "பாருங்க சார்"னு இடம் விட்டான். எதிர் மேட்டுல ஒருத்தன் போர்வைய உதறிக்கிட்டிருந்தான். ரெண்டு உதறு உதறி, மடிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டு உள்ள போனான். சுடச் சொல்லி ஆர்டர் இல்ல, சுடல. இருந்திருந்தா சுட்டிருப்போம்.

சரி தம்பி, மணி ஆறாச்சு. ஷட்டர் இறக்கணும்.