பாக்ஸ் வேலி கருகுகிறது: களிமண்ணில் மாற்றாக எதை வைப்பது?

வணக்கம். இங்கிலாந்தின் கென்ட் கவுன்டியில் பழைய மாளிகை ஒன்றின் தோட்டத்தில் நான்கு வருடமாக வேலை செய்கிறேன். வீட்டின் தெற்குப் பக்கம் பூப்பாத்திகளைச் சுற்றிக் கோலம் போட்டதுபோல் பாக்ஸ் (Buxus என்ற, எப்போதும் பசுமையான சிறு இலைப் புதர்ச்செடி) குறுவேலி ஓடும். உயரம் 30 செ.மீ., மொத்தம் 80 மீட்டர் இருக்கும். அதில் பாதி போய்விட்டது. தினமும் காலையில் அதைப் பார்க்கவே மனசு கேட்கவில்லை.

போன ஆகஸ்டில் தொடர் மழைக்குப் பிறகு இலைகளில் பழுப்புப் புள்ளிகள் வந்தன. இரண்டே வாரத்தில் இலை கொட்டியது. இளந்தண்டுகளில் கருப்புக் கோடுகள். அந்துப்பூச்சிப் புழுவோ என்று பிரித்துப் பார்த்தேன். நூல்வலையும் இல்லை, புழுவின் எச்சமும் இல்லை. 1990களில் இங்கே தலைகாட்டிய பாக்ஸ் பிளைட் பூஞ்சைதான் என்று முடிவு செய்தேன்.

நோய் பிடித்த கிளைகளை வெட்டி எரித்தேன். உதிர்ந்த இலைகளோடு மேல்மண்ணையும் வாரி எடுத்தேன். கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் கிருமிநாசினியில் முக்கினேன். மேலிருந்து தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினேன். பூஞ்சைக்கொல்லியும் இரண்டு முறை அடித்தாயிற்று. மே மாதத் துளிரிலும் அதே புள்ளிகள்.

வெட்டி வடிவமைத்த செடிகளுக்குப் பேர்போன லெவன்ஸ் ஹால் தோட்டத்தில் பாக்ஸை எடுத்துவிட்டு, அதேபோல் சிறு இலை கொண்ட ஐலெக்ஸ் கிரெனாட்டா (ஜப்பானிய ஹாலி) வைத்தார்கள். ஆனால் எங்கள் மண் கனத்த களிமண், பி.எச். 7.5 (சற்றே காரத்தன்மை), குளிர்காலத்தில் தண்ணீர் தேங்கும். ஐலெக்ஸுக்கு அது ஒத்துக்கொள்ளாது. வேலிக்கு வைக்கும் ஊசியிலை யூ மரமும் வேரில் ஈரம் தங்கினால் அழுகிவிடும்.

இப்படிப்பட்ட மண்ணில், 30 செ.மீ. உயரத்திலேயே வெட்டி வைக்கக்கூடிய எந்தச் செடியை நீங்கள் நேரில் வளர்த்துப் பார்த்திருக்கிறீர்கள்?