பில்லிங் திரை: பார்க்க அழகாக இருக்க வேண்டுமா, வேலை ஓடினால் போதுமா?

மளிகை_நிரல் (கேள்வி)

வணக்கம். மூன்று கவுண்டர் உள்ள பல்சரக்குக் கடைக்குப் பில்லிங் மென்பொருள் புதிதாக எழுதுகிறோம். இப்போது ஓடுவது டாஸ் காலத்துச் சாயல்: நீலப் பின்புலம், வெள்ளை எழுத்து, எல்லாமே கீபோர்டில்தான். "வாடிக்கையாளர் எட்டிப் பார்த்தால் கடையே பழசாகத் தெரிகிறது" என்கிறார் முதலாளி. டிசைனர் கொடுத்த மாதிரியில் ஒவ்வொரு பொருளும் படத்தோடு ஒரு அட்டை. வளைந்த மூலை, வெளிர் சாம்பல் எழுத்து, பொருள் சேரும்போது பக்கவாட்டில் சறுக்கி வரும் அசைவு. கவுண்டரில் உட்காருகிறவர்களோ "பழசே இருக்கட்டும்" என்கிறார்கள்.

கையில் இருப்பவை: 1366×768 மானிட்டர், யூஎஸ்பி பார்கோடு ஸ்கேனர், 80 மி.மீ. தெர்மல் பிரிண்டர். மென்பொருள் உலாவியில் ஓடும். மானிட்டர்களைத் தூக்கிவிட்டு வெள்ளை நிற ஆல்-இன்-ஒன் தொடுதிரை (கணினியும் திரையும் ஒரே பெட்டியில்) வாங்கும் யோசனையும் முதலாளிக்கு இருக்கிறது. தோற்றத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம், எங்கே ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்கக் கூடாது?

கல்லாப்பெட்டி

முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். முழுத்திரையில் ஓட்டினாலும் 768 பிக்சல் உயரத்தில் தலைப்புக்கு 64, கீழே மொத்தத் தொகைப் பட்டைக்கு 120 போய்விடும். மிஞ்சுவது 584. ஒரு அட்டை 96 பிக்சல் என்றால் ஒரே பார்வையில் 6 பொருள். 32 பிக்சல் வரிசை என்றால் 18. மாதச் சாமான் வாங்க வந்தவர் "அந்தத் துவரம்பருப்பை எடுத்துடுங்க" என்றதும் அட்டைப் பட்டியலில் மவுஸைத் தேடி உருட்ட வேண்டும். படம் எதற்கு? பொருள் கையிலேயே இருக்கிறதே.

சறுக்கும் அசைவை மொத்தமாக எடுத்துவிடுங்கள். 300 மில்லிவினாடி சின்னதாகத் தெரியும். ஆனால் அது முடியும்வரை உள்ளீட்டுப் பெட்டிக்கு ஃபோகஸ் (தட்டுவது போய் விழும் இடம்) திரும்பாத மாதிரி எழுதியிருந்தால், அடுத்த ஸ்கேனின் முதல் சில இலக்கங்கள் காற்றில் போகும். 13 இலக்கத்தில் 10 மட்டும் வந்து "பொருள் இல்லை" என்று காட்டும். பழி ஸ்கேனர் மேல் விழும்.

இதைவிடப் பெரிய ஆபத்து பாப்-அப். ஸ்கேனர் என்பது கணினிக்கு இன்னொரு கீபோர்டுதான். இலக்கங்களைத் தட்டிவிட்டுக் கடைசியில் என்டர் அடிக்கும். "பொருள் பட்டியலில் இல்லை, சரி" என்று அழகான பெட்டி ஒன்று நடுவில் வந்து நிற்கிறது என்று வையுங்கள். ஊழியர் திரையைப் பார்க்காமல் அடுத்த பொருளை ஸ்கேன் செய்வார். அந்த என்டர் பெட்டியை மூடிவிடும். இரண்டு பொருளும் பில்லில் ஏறாமல் பைக்குள் போகும். ஒரே பார்கோடுக்கு இரண்டு எம்.ஆர்.பி. இருக்கும்போது விலை கேட்கும் பெட்டியும் அப்படியே: என்டர் வந்ததும் மேலே இருக்கும் விலை தானாகத் தேர்வாகிவிடும். யாருக்கும் தெரியாது, இருப்புக் கணக்கு எடுக்கும்போதுதான் இடிக்கும்.

செய்ய வேண்டியது: பிழைக்குப் பெட்டி வேண்டாம். பட்டியலிலேயே சிவப்பு வரிசையாக, ஒரு குறியோடு நிற்கட்டும். வழக்கமான பீப்பிலிருந்து மாறுபட்ட ஒலி வரட்டும். அதை நீக்காமல் பில் முடியக் கூடாது. எம்.ஆர்.பி. தேர்வை 1, 2 என்ற எண் விசைக்கு மாற்றி, அந்த இடத்தில் என்டரை முடக்குங்கள். ஆனால் பார்கோடிலும் 1, 2 இருக்குமே என்றால், ஆமாம், இருக்கும். விசைகளுக்கு இடையிலான நேரத்தைப் பாருங்கள். ஸ்கேனர் சில மில்லிவினாடி இடைவெளியில் கொட்டும், மனிதக் கை அந்த வேகத்தில் தட்டாது. ஸ்கேனர் கையேட்டில் முன்னொட்டு (ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னால் ஒரு அடையாள எழுத்து) அமைக்கும் பார்கோடு இருந்தால் அது இன்னும் உறுதியான வழி.

அளவுப் பெட்டிக்கு வரம்பு வையுங்கள், நாலு இலக்கம் போதும். இல்லாவிட்டால் 890 என்று தொடங்கும் ஒரு பார்கோடு அங்கே போய் விழுந்து, பிஸ்கட் பாக்கெட் கோடிக்கணக்கில் பில் ஆகும்.

வடிவுக்கரசு

மேலே சொன்னதில் தப்பில்லை. ஆனால் "பழசே போதும்" என்பதை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டாம். அசிங்கமாக இருப்பதாலேயே ஒரு திரை நடைமுறைக்கு உகந்ததாகிவிடாது.

2020 ஆகஸ்டில் சிட்டிபேங்க், ரெவ்லான் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்குச் சுமார் 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. அசலும் சேர்ந்து போனது 90 கோடி டாலருக்குக் கொஞ்சம் குறைவு. ஆரக்கிளின் ஃப்ளெக்ஸ்கியூப் மென்பொருள் அது. அசலை வங்கியின் உள்கணக்கிலேயே நிறுத்த 'பிரின்சிபல்', 'ஃப்ரன்ட்', 'ஃபண்ட்' என்ற மூன்று கட்டங்களையும் நிரப்ப வேண்டும்; 'பிரின்சிபல்' மட்டும் நிரப்பப்பட்டது. மூன்று பேர் பார்த்து ஒப்புதல் தந்தும் யார் கண்ணிலும் படவில்லை. "இந்தத் தொகை வெளியே போகிறது" என்று திரை எங்கும் எண்ணோடு உரக்கச் சொல்லவில்லை. 50 கோடி டாலர் அளவுக்குத் திரும்பி வராமல் வழக்கானது. 2021 பிப்ரவரியில் வங்கி தோற்றது. 2022 செப்டம்பரில்தான் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாறியது. அந்தத் திரையில் சறுக்கும் அட்டையும் கிடையாது, வளைந்த மூலையும் கிடையாது. வெறும் கட்டங்கள்தான்.

எதைப் பெரிதாகக் காட்டுவது, எதை எதன் பக்கத்தில் வைப்பது, எதைப் பின்னுக்குத் தள்ளுவது என்பதும் காட்சி வடிவமைப்பு வேலைதான். உங்கள் டிசைனரிடம் அதைக் கேளுங்கள். மொத்தத் தொகை திரையிலேயே பெரிய எழுத்தாக இருக்கட்டும். வாங்கிய பணம், மீதி இரண்டும் அதன் கீழ். கடைசியாகச் சேர்ந்த பொருளின் வரிசைக்கு மட்டும் லேசான நிறம். எண்கள் வலப்பக்கம் ஒட்டி, எல்லா இலக்கமும் ஒரே அகலம் உள்ள எழுத்துருவில், இல்லையென்றால் 111.00க்கும் 888.00க்கும் புள்ளி நேராக நிற்காது, கண் ஒவ்வொரு வரியிலும் தடுக்கும். காற்புள்ளி 1,00,000 என்று நம் முறையில் விழுகிறதா என்றும் பாருங்கள்.

வெளிர் சாம்பலுக்கு நானும் எதிரி. வலை அணுகல்தன்மை விதி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு கேட்கிறது. வெள்ளையில் #767676 என்ற சாம்பல் நிறம் அதைத் தாண்டும். #777777 மயிரிழையில் தவறும். டிசைனர்கள் ஆசையாகப் போடும் #999999 சுமார் 2.8:1தான். உங்கள் பழைய நீலத் திரையோ 13:1 பக்கம் இருக்கும். ஊழியர்கள் அதை விட மறுப்பதில் இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். மலிவு மானிட்டரை நின்றுகொண்டு மேலிருந்து பார்த்தால் இருக்கிற வேறுபாடும் வெளுத்துவிடும்.

இன்னொன்று. 1995இல் ஜப்பானில் குரோசு, கஷிமுரா இருவரும் 26 ஏடிஎம் திரை அமைப்புகளை 252 பேரிடம் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். அழகாகத் தெரிந்தவையே எளிதாகவும் இருக்கும் என்று மக்கள் கருதினார்கள், உண்மையில் எளிதோ இல்லையோ. உங்கள் முதலாளி டெமோவைப் பார்த்துச் சொல்லும் "சூப்பரா இருக்கு"வை இந்தக் கணக்கில் வையுங்கள்.

பழுதுபார்ப்போன்

ஹார்டுவேர் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

கவுண்டரில் ஆல்-இன்-ஒன் வேண்டாம். பேனல் போனால் கணினியே போன மாதிரி, போர்டு போனால் திரையும் சும்மா. அது சர்வீஸ் சென்டரில் கிடக்கும் நாளெல்லாம் ஒரு கவுண்டர் மூடிக் கிடக்கும். முதலாளிக்கு வேண்டியது ஒயர் தெரியாத சுத்தமான மேசை, அவ்வளவுதானே? மானிட்டரின் பின்னால் 100×100 மி.மீ. வேசா துளைகள் (மானிட்டரை மாட்டுவதற்கான பொது அளவுத் திருகுத் துளைகள்) நான்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தாங்கு பலகை வைத்து மினி பிசியை (சின்னக் கணினிப் பெட்டி) அங்கேயே திருகிவிடலாம். முன்னால் நின்று பார்ப்பவருக்கு ஆல்-இன்-ஒன் போலவே தெரியும். ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். ஒரே சிக்கல், சில மானிட்டர்களில் ஸ்டாண்டும் அதே துளையைப் பிடித்திருக்கும். அப்போது ஸ்டாண்டுக்கும் மானிட்டருக்கும் நடுவில் வைக்கும் வகைப் பலகை வேண்டும். பெட்டியின் காற்றுத் துளை சுவரோடு ஒட்டக் கூடாது. அரிசி, மாவுத் தூசி விசிறியில் படியும் இடம் இது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊதி எடுங்கள்.

தொடுதிரை: செங்குத்தாக நிற்கும் திரையை நாள் முழுக்கக் கை தூக்கித் தொட்டால் தோள் வலிக்கும். பொத்தான் ஒவ்வொன்றும் விரலுக்குச் சுமார் 9 மி.மீ. கேட்கும், அதற்கும் பட்டியல் இடம்தான் பலி. தொடுதிரைக்காக வரைந்ததை மவுஸ், கீபோர்டு ஆட்கள் தலையில் கட்டினால் என்ன நடக்கும் என்பதை விண்டோஸ் 8 காட்டியது. 2012இல் ஸ்டார்ட் பொத்தானை எடுத்தார்கள், 2013இல் 8.1இல் பொத்தான் திரும்ப வந்தது, 2015இல் விண்டோஸ் 10இல் மெனுவே வந்துவிட்டது.

கீபோர்டு மெலிதாக, அழகாக வேண்டும் என்று ஆசைப்பட வேண்டாம். ஆப்பிள் 2015இல் மடிக்கணினிகளில் மெலிதுக்காகக் கொண்டுவந்த பட்டர்ஃப்ளை விசைகள் தூசி புகுந்தால் ஒட்டின, அல்லது ஒரே எழுத்தை இருமுறை அடித்தன. 2018இல் இலவசப் பழுதுநீக்கத் திட்டம் அறிவித்தார்கள், 2019 இறுதியில் 16 அங்குல மாடலில் பழைய கத்தரி வகைக்கே திரும்பினார்கள். மாவு பறக்கும் கடைக்கு எண் பகுதியோடு கூடிய சாதா மெம்பரேன் கீபோர்டும் மேலே ஒரு சிலிகோன் உறையும் போதும். கூடுதலாக ஒன்று வாங்கி அலமாரியில் வையுங்கள்.

மளிகை_நிரல்

நன்றி. அட்டைகளும் அசைவும் போய்விட்டன. ஆல்-இன்-ஒன் பற்றி முதலாளியிடம் பேசிக்கொள்கிறேன். இரண்டு கேள்வி மிச்சம். பொருள் பெயர் தமிழில் வர வேண்டும் என்கிறார். திரையில் 32 பிக்சல் வரிசையில் எழுத்தின் அடிப்பகுதி வெட்டுப்படுகிறது, பிரிண்டரில் கட்டம் கட்டமாக வருகிறது. அப்புறம், "வாடிக்கையாளர் பார்ப்பாரே" என்ற பேச்சுக்கு என்ன பதில்?

வடிவுக்கரசு

இரண்டாவதுக்கு: வாடிக்கையாளருக்குத் தனித் திரை கொடுத்துவிடுங்கள். அதே கணினியின் இரண்டாவது காட்சி வெளியீட்டில் 10 அங்குல மானிட்டர் ஒன்று. உலாவியில் இன்னொரு சாளரம் திறந்து, கடைப் பெயர், கடைசிப் பொருள், மொத்தம், யூபிஐ கியூஆர். டிசைனரின் வளைந்த மூலை, படம், அசைவு எல்லாம் அங்கே தாராளமாகப் போகட்டும். கியூஆரில் தொகையையும் சேர்த்தே உருவாக்குங்கள். அதைச் சுற்றி வெள்ளை ஓரம் விடுங்கள். அலங்காரக் கோடு அந்த ஓரத்தைத் தின்றால் கேமரா திணறும்.

தமிழ் எழுத்து வெட்டுப்படுவதற்கு வரிசை உயரம் காரணமாக இருக்காது, வரி உயரம்தான் (line-height). ஆங்கிலத்துக்கு எழுத்தளவைப் போல 1.2 மடங்கு போதும். தமிழில் மேலே கொக்கி, கீழே 'டு', 'ழு', 'கூ' என்று இறங்கும் வால்கள் உண்டு. 1.5 வையுங்கள், பெட்டியில் உபரியை மறைக்கும் அமைப்பை (overflow: hidden) எடுங்கள். 16 பிக்சல் எழுத்து, 24 வரி உயரம், மேலும் கீழும் 4: 32க்குள் அடங்கும். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது விண்டோஸில் உள்ள நிர்மலா. தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவைத் தடிமனாக்கச் சொன்னால் உலாவி தானே பூசி, 'ண', 'ஞ' சுழிகளை அடைத்துவிடும்.

கல்லாப்பெட்டி

பிரிண்டர்: மலிவு தெர்மல் பிரிண்டர்களுக்குத் தமிழ் தெரியாது, எழுத்தாக அனுப்பினால் கட்டம்தான் வரும். பெயர் வரியைப் படமாக வரைந்து அனுப்புங்கள். 80 மி.மீ. தாளில் அச்சாவது 72 மி.மீ., 203 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 203 புள்ளி) 576 புள்ளி. படத்தை அதே 576 அகலத்தில், கறுப்பு வெள்ளை இரண்டு மட்டும் வைத்து வரையுங்கள். பெரிதாக வரைந்து சுருக்கினால் ஓரம் சாம்பலாகி, அச்சில் புள்ளிப் புள்ளியாகச் சிதறும். நடுத்தரத் தடிமன், 28 புள்ளி அளவு எழுத்து தெளிவாக வரும். எண், விலை, ஜிஎஸ்டி வரிகளைச் சாதாரண எழுத்தாகவே விடுங்கள், வரிக்கு 48 எழுத்து கொள்ளும். எல்லாவற்றையும் படமாக்கினால் நீள பில்லில் பிரிண்டர் நின்று நின்று ஓடும். பெரிய லோகோவும் வேண்டாம். கறுப்பு அதிகமானால் வேகம் குறையும், பிரிண்டரின் அச்சுத் தலை சூடாகும்.

உலாவி என்பதால் இன்னும் ஒரு பொறி இருக்கிறது. பக்கத்தைப் புதுப்பிக்கும் எஃப்5ஐ நிரலில் தடுக்கலாம். குரோமில் சாதாரணத் தாவலில் கன்ட்ரோல்+டபிள்யூவைத் தடுக்க முடியாது, பாதி பில்லோடு மூடிக்கொள்ளும். ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் சேமியுங்கள், திரும்பத் திறந்ததும் அதே பில் நிற்க வேண்டும். ஸ்கேன் செய்யும்போதெல்லாம் டவுன்லோட்ஸ் பக்கம் திறந்தால் பதற வேண்டாம்: ஸ்கேனர் என்டரோடு லைன்ஃபீடும் (அடுத்த வரிக்குப் போகச் சொல்லும் குறி) அனுப்புகிறது, அது குரோமுக்குக் கன்ட்ரோல்+ஜே. கையேட்டில் "என்டர் மட்டும்" என்ற பார்கோடைத் தேடி ஸ்கேன் செய்தால் தீரும்.

பழைய மென்பொருளின் விசைகளை அப்படியே வையுங்கள். எஃப்2 அளவு என்றால் புதிதிலும் எஃப்2 அளவுதான். ஒரு கவுண்டரில் மட்டும் முதலில் மாற்றி, ஒரே 20 பொருளைப் பழசிலும் புதிசிலும் அடிக்கச் சொல்லி நேரம் பாருங்கள். அதில் ஒன்று பட்டியலில் இல்லாதது, ஒன்று இரண்டு எம்.ஆர்.பி. உள்ளது, ஒன்று நடுவில் ரத்தாவது. மாத முதல் வாரத்தில் மட்டும் இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.