பொழுதுபோக்குக் குழுவில் சொந்த வீடியோ: பதிவிடும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

பட்டறை_மூலை

வணக்கம். மரவேலை, இசைக்கருவிப் பயிற்சி, சைக்கிள், பறவை பார்த்தல் எனப் பல பிரிவுகள் உள்ள ஒரு குழுவுக்கு, உறுப்பினர்கள் தங்கள் வீடியோவைப் பகிர்வது பற்றி ஒரு பக்க அளவில் நெறிகள் எழுத வேண்டும். "அனுமதி இல்லாமல் பிறரைக் காட்டாதீர்கள்", "மரியாதையாகப் பேசுங்கள்" என்ற வரிகள் எல்லாக் குழுக்களிலும் இருக்கின்றன. அவற்றைப் படித்து முடித்த பிறகும், சரி, இப்போது நான் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. செய்முறையாகச் சொல்லக்கூடியவர்கள் உதவுங்கள்.

எங்கே ஏற்றி எந்த மாதிரி லிங்க் கொடுக்கச் சொல்லலாம்? கோப்பிலும் காட்சியிலும் எதையெல்லாம் நீக்க வேண்டும்? கருத்துக் கேட்கிறவர் வீடியோவோடு என்ன எழுத வேண்டும், பதில் சொல்கிறவர் எதைத் தொடக் கூடாது?

வில்லை50

லிங்க்கிலிருந்தே தொடங்குகிறேன். யூடியூபில் பப்ளிக், அன்லிஸ்டெட், பிரைவேட் என மூன்று நிலைகள். இதில் அன்லிஸ்டெட்டைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தேடலில் வராது, சேனல் பக்கத்திலும் தெரியாது. ஆனால் லிங்க் கையில் இருக்கும் யாரும் பார்க்கலாம், அடுத்தவருக்கும் அனுப்பலாம். பொதுவான பிளேலிஸ்ட்டில் ஒருவர் சேர்த்துவிட்டால் அந்த வழியாகவும் வெளியே போகும். கதவைப் பூட்டாமல் முகவரியை மட்டும் சொல்லாமல் இருப்பதைப் போன்றது அது. பிரைவேட் என்றால் நீங்கள் மின்னஞ்சல் கொடுத்து அழைத்த கூகுள் கணக்குகளுக்கு மட்டும் திறக்கும், ஆனால் அதன் கீழே கமெண்ட் எழுத முடியாது. நான்கைந்து பேரிடம் மட்டும் காட்டுவதற்குப் பிரைவேட், குழுவுக்கு அன்லிஸ்டெட், முன்பின் தெரியாதவர் பார்த்தாலும் கவலையில்லை என்றால் மட்டும் பப்ளிக் என்று எழுதிவிடுங்கள்.

லிங்க்குகள் சாகும் என்பதையும் நெறியில் சேருங்கள். 2017க்கு முன் ஏற்றப்பட்ட அன்லிஸ்டெட் வீடியோக்களை, உரிமையாளர் வேண்டாம் என்று சொல்லாத வரை, 2021 ஜூலையிலிருந்து யூடியூபே பிரைவேட் ஆக்கியது. டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் ஏற்றிய கோப்பின் லிங்க்கை வேறிடத்தில் ஒட்டினால் ஒரு நாளில் காலாவதியாகிவிடும். ஆகவே வீடியோவில் என்ன இருக்கிறது என்பதை நான்கு வரியில் எழுதியே ஆக வேண்டும். வீடியோ போன பிறகும் கீழே உள்ள பதில்கள் அடுத்தவருக்குப் பயன்படும்.

அடுத்து கோப்பு. கேமராவுக்கு லொகேஷன் அனுமதி கொடுத்திருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை வீடியோ கோப்புக்குள்ளேயே பதிவாகும். யூடியூப் மறுபடி என்கோட் செய்வதால், அதாவது வீடியோவைப் புதிய கோப்பாக மாற்றி எழுதுவதால், பார்வையாளருக்கு அது கிடைக்காது. கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் மூலம் கொடுத்தாலோ, வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் டாக்குமெண்டாக அனுப்பினாலோ மூலக் கோப்பு அப்படியே போய்ச்சேரும், இடமும் கூடவே போகும். படம் எடுக்கும் முன்பே கேமராவின் லொகேஷன் அனுமதியை அணைத்துவிடுவதுதான் மிக எளிது. ஐபோனில், பகிரும் திரையின் மேலே உள்ள ஆப்ஷன்ஸ் என்பதில் லொகேஷனை அணைக்கலாம். கணினியில் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளை வைத்து, மெட்டாடேட்டாவை (கோப்போடு பதிவான இடம், நேரம் போன்ற விவரங்களை) விட்டுவிட்டு மற்றதை அப்படியே நகலெடுக்கச் சொன்னால் சில வினாடிகளில் முடியும், தரமும் குறையாது. என்கோட் செய்தாலே சுத்தமாகிவிடும் என்று நம்பாதீர்கள். தனியாகச் சொல்லாவிட்டால் அந்த மென்பொருள் பொதுவான மெட்டாடேட்டாவைப் புதிய கோப்புக்கும் எடுத்துச் செல்லும்.

சைக்கிள்காரர்களும் டிரோன் வைத்திருப்பவர்களும் இன்னும் ஒரு படி போக வேண்டும். ஜிபிஎஸ் உள்ள கோப்ரோ கேமராக்கள் பயணத் தடத்தைக் கோப்புக்குள் தனி டிராக்காக எழுதுகின்றன. டிஜேஐ டிரோன்களில் வீடியோ கேப்ஷன் அமைப்பு திறந்திருந்தால் இடம் சப்டைட்டிலாகப் போகும், கோப்பின் உள்ளேயோ பக்கத்தில் தனிக் கோப்பாகவோ. இரண்டையும் எடுக்கும் முன்பே அணைப்பது நல்லது. கடைசியாக, பகிரப்போகும் அதே கோப்பை, உள் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்து பாருங்கள்.

வடிவம் பற்றிச் சுருக்கமாக: எம்பி4 கோப்பு, எச்.264 வீடியோ, ஏஏசி ஒலி, 1080பி தெளிவு. எச்.265 சில பிரவுசர்களில் ஓடாது. எச்டிஆரில் (அதிக ஒளி வேறுபாட்டைப் பதியும் முறையில்) எடுத்தால் பல திரைகளில் வெளிறிப்போகும், அணைத்துவிடுங்கள். 1080பிக்கு வினாடிக்கு 8 மெகாபிட் என்பது யூடியூபின் பரிந்துரை. எட்டு பிட் ஒரு பைட் என்று கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 60 எம்பி. டிஸ்கார்டின் இலவசக் கணக்கில் 10 எம்பிதான் ஏறும், அதாவது இந்தத் தரத்தில் பத்து வினாடி.

நாணல்_கரை

கோப்பைப் பற்றி வில்லை50 சொல்லிவிட்டார், காட்சிக்குள் இருப்பதை நான் சொல்கிறேன். பதிவிடும் முன் வீடியோவை இரண்டு முறை ஓட்ட வேண்டும்: ஒருமுறை ஒலியை அணைத்து, ஒருமுறை திரையைத் திருப்பி வைத்துக் காதால் மட்டும். இரண்டையும் சேர்த்து ஒரே தடவை பார்த்தால் கண் கைவேலையின் மீதே போகும், மூலையில் இருப்பது தப்பிவிடும்.

ஒலியில்லாத சுற்றில் பிம்பங்களைத் தேடுங்கள்: ஜன்னல் கண்ணாடி, அணைத்த டிவி, வார்னிஷ் பளபளக்கும் கிட்டாரின் பின்புறம். பிறகு பார்சல் லேபிள், அதன் பார்கோடு, சுவரில் ஒட்டிய தாள், கொக்கியில் தொங்கும் சாவி. சாவியைச் சும்மா சேர்க்கவில்லை. புகைப்படத்திலிருந்து சாவியின் வெட்டுகளை அளந்து நகல் செய்ய முடியும் என்று 2008இல் சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள்.

எழுத்தை மறைக்க மொசைக் போடாதீர்கள், அழுத்தமான கறுப்புப் பட்டை போடுங்கள். மொசைக்கிலும் அடியில் உள்ள எழுத்தின் சாயல் மிஞ்சும். வீடியோவில் கேமரா சற்று அசைந்தாலே ஒவ்வொரு ஃபிரேமிலும் சாயல் கொஞ்சம் மாறும், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு ஊகிக்க எளிது. பட்டை அசையும் பொருளோடு நகராமல் அரை வினாடி விலகினாலும் போதும், அந்த ஃபிரேமில் நிறுத்திப் படித்துவிடுவார்கள். முடிந்தால் ஓரத்தை க்ராப் செய்துவிடுங்கள். அதைவிட நல்லது, எடுக்கும் முன் ஒரு துணியைப் போட்டு மூடுவது.

காதால் கேட்கும் சுற்றில் அடுத்த அறைத் தொலைபேசிப் பேச்சு, பெயர் சொல்லி அழைப்பது, யாரோ சொல்லும் எண் எல்லாம் வரும். அந்த வினாடிகளை மட்டும் மௌனமாக்குங்கள். மரவேலையில் முழு ஒலியையும் எடுத்துவிட்டுப் பாட்டைப் போடும் பழக்கம் உண்டு, அது வேண்டாம். உளி மழுங்கியதா, ரம்பம் திணறுகிறதா என்பதை அனுபவமுள்ளவர் ஒலியிலிருந்தே சொல்லிவிடுவார்.

ஆட்களைப் பற்றி: "எடுக்கட்டுமா?" என்பதும் "போடட்டுமா?" என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். இரண்டாவதைக் கேட்கும்போது வெட்டி முடித்த வீடியோவையே காட்டி, எந்தக் குழு, ஏறக்குறைய எத்தனை பேர், யார் பார்க்க முடியும் என்று சொல்ல வேண்டும். குழந்தைகள் என்றால் பெற்றோர் சரி என்றாலும் முகம், பெயர், பள்ளிச் சீருடை மூன்றையும் தவிர்ப்பதே என் கருத்து. கை மட்டும் தெரிய எடுத்தாலே எந்தச் சந்தேகத்தையும் கேட்டுவிடலாம்.

சைக்கிள் பயண வீடியோவில் முதல் ஒரு கிலோமீட்டரையும் கடைசி ஒரு கிலோமீட்டரையும் வெட்டுங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே பாதை என்றால் சில நாள் கழித்துப் போடுங்கள். உடற்பயிற்சிச் செயலியான ஸ்ட்ராவாவின், பெயரே இல்லாத தடங்களைத் தொகுத்த வரைபடத்திலேயே 2018 ஜனவரியில் ராணுவ முகாம்களின் ஓட்டப் பாதைகள் தெரிந்துபோயின.

பறவைக்காரர்களுக்கு ஒன்று. கூடு தெரியும் வீடியோவைக் குஞ்சுகள் பறந்துபோகும் வரை போடக் கூடாது. அரிய இனம் என்றால் பின்னணியில் உள்ள மலை, கோபுரம் கூட இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஐநேச்சுரலிஸ்ட் தளம் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் இடத்தை 0.2 டிகிரிக்கு 0.2 டிகிரி கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியாகத்தான் காட்டுகிறது; நிலநடுக்கோட்டில் அந்தக் கட்டத்தின் பக்கம் சுமார் 22 கிலோமீட்டர். அந்த அளவு மங்கலாகச் சொன்னால் போதும். பதிலில் "எந்த இடம்?" என்று கேட்பதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். கேட்டுவிட்டால் மறுக்கும் தர்மசங்கடம் பதிவிட்டவருக்கு.

ஆறாம்_தந்தி

கேட்பதும் பதில் சொல்வதும் பற்றி. "எப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேட்டால் "அருமை" என்ற பதில்தான் வரும், இரு தரப்புக்கும் நேர விரயம். எந்த வினாடி, என்ன சிக்கல், என்ன செய்து பார்த்தாயிற்று, எதைப் பற்றி இப்போது கருத்து வேண்டாம் என்ற நான்கும் இருக்க வேண்டும். மாதிரி: "0:42 முதல் 1:05 வரை பாருங்கள். இரண்டாம் தந்திக்கு மாறும்போது வயலின் வில் குதிக்கிறது. மெட்ரோனோம் 60இல் குதிக்கவில்லை, 80இல் குதிக்கிறது. வலது மணிக்கட்டை மட்டும் சொல்லுங்கள், உணர்ச்சி வெளிப்பாடு பற்றிப் பிறகு." வெட்டாத ஒரே டேக், ஒன்றரை நிமிடத்துக்குள். நடுவில் வெட்டியிருந்தால் எங்கே என்று சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் வெட்டு விழுந்த இடத்துக்கு மற்றவர்கள் காரணம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

பதில் சொல்கிறவர் நேரத்தைக் குறித்து, கண்ணால் கண்டதை முதலில் எழுதி, பிறகு காரணம், பிறகு செய்து பார்க்க ஒரே ஒரு பயிற்சி. ஐந்து குறையை அடுக்கினால் கேட்டவர் எதையும் திருத்த மாட்டார். இந்தக் கோணத்தில் கட்டைவிரல் தெரியவில்லை என்றால் ஊகிக்காமல் அதையே சொல்லி, எந்தப் பக்கம் கேமரா வைக்க வேண்டும் என்று கேளுங்கள். உடல், உடை, வீடு, பேச்சு வழக்கு, கருவியின் விலை இவை கேட்காதவரை பேசுபொருள் ஆகக் கூடாது. ஆபத்து மட்டும் விதிவிலக்கு. டேபிள் சாவில் (மேசை ரம்பத்தில்) விரல் அலகின் நேர்க்கோட்டில் போகிறது என்றால் கேட்காவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும். ஒருவர் தெளிவாகச் சொன்னால் போதும், இருபது பேர் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

ஃபிரேமை எடுத்து அம்புக்குறி போட்டுக் காட்டுவது மிகவும் உதவும், ஆனால் அது இன்னொருவர் முகத்தின் நகல். "ஃபிரேம் எடுத்துக் குறியிடலாம்" என்று பதிவிட்டவர் எழுதியிருந்தால் மட்டும் செய்யுங்கள், அந்த உரையாடலுக்குள் மட்டும் போடுங்கள்.

வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் காட்சி வலிப்பைத் தூண்டலாம். வெல்டிங், எல்இடி வேலைகளில் இது வரும். ரத்தம், திடீர்ப் பேரொலி போல இதையும் லிங்க்குக்கு முன்னால் எழுத வேண்டும், பின்னால் எழுதினால் பயனில்லை.

பின்னணி இசையில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். ஆக்கம் பழையது, உரிமைக்காலம் முடிந்தது என்றாலும், நீங்கள் ஓடவிட்டு அதனோடு வாசிக்கும் ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. யூடியூபின் தானியங்கி உரிமைச் சோதனையான கன்டென்ட் ஐடி அதைப் பிடித்து வீடியோவைத் தடுக்கலாம், அல்லது விளம்பரம் போடலாம். நீங்களே வாசித்ததையும் வேறொருவர் பதிவு என்று தவறாகப் பிடிப்பதுண்டு. மறுப்புத் தெரிவித்தால் உரிமை கோரியவருக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம்.

பட்டறை_மூலை

மிக்க நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. இன்னும் ஒன்று: போட்ட பிறகு ஏதாவது கண்ணில் பட்டால், அல்லது வீடியோவில் இருப்பவர் எடுக்கச் சொன்னால், எந்த வரிசையில் என்ன செய்வது?

வில்லை50

முதலில் பிரைவேட் ஆக்குங்கள், யோசனை எல்லாம் பிறகு. யூடியூப் ஸ்டூடியோவின் எடிட்டரில் ஒரு பகுதியை வெட்டவும் மங்கலாக்கவும் முடியும், லிங்க் மாறாது. ஆனால் அது செயலாகி முடிய மணிக்கணக்கு ஆகலாம், அதுவரை பழைய பதிப்புதான் ஓடும். அதனால்தான் முதலில் பிரைவேட். கோப்பையே மாற்றி அதே லிங்க்கில் வைக்க யூடியூபில் வழியில்லை, புதிதாக ஏற்ற வேண்டும்.

காட்சியில் இருப்பவர் எடுக்கச் சொன்னால் காரணம் கேட்கக் கூடாது. முன்பு சரி என்றவர் இப்போது வேண்டாம் என்றாலும் அப்படித்தான். பதிவிட்டவர் ஒரு நாளுக்குள் எடுக்காவிட்டால் அட்மின் லிங்க்கை நீக்கலாம் என்று நெறியிலேயே எழுதிவிடுங்கள்; அப்போதைக்கு அப்போது முடிவெடுத்தால் பாரபட்சம் என்ற பேச்சு வரும். பிறர் எழுதிய பதில்களை அழிக்க வேண்டாம். ஆனால் பதில்களில் மேற்கோளாக ஒட்டியிருக்கும் லிங்க்கையும், குறியிட்ட ஃபிரேம்களையும் தேடி எடுக்க வேண்டும்.

ஒன்று எல்லோரும் மறப்பது: அரட்டைக் குழுக்களில் லிங்க் ஒட்டியவுடன் வரும் சிறு முன்னோட்டப் படம், வீடியோவை அழித்த பிறகும் அந்தச் செய்தியோடு தங்கியிருக்கும். அந்தச் செய்தியையே நீக்கினால்தான் போகும்.