70 கணினிக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்ட்: எங்களுக்கு நேர்ந்தது

நான் அப்போது கோவையில் ஒரு நிறுவனத்தில் சிஸ்டம் அட்மின். 70 கணினிகள், எல்லாம் ஒரே டொமைனில், அதாவது ஒரே சர்வரிலிருந்து நிர்வகிக்கும் குழுவில். பென்டிரைவ் தடை, பிரிண்டர், திரை தானாகப் பூட்டிக்கொள்வது எல்லாவற்றையும் சர்வர் முன் உட்கார்ந்தபடியே குரூப் பாலிசியில் (எல்லாக் கணினிக்கும் ஒரே இடத்திலிருந்து விதி வைக்கும் விண்டோஸ் வசதி) வைத்துவிடுவேன். இரண்டு மணி நேரத்துக்குள் எல்லா மேசைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ஒவ்வொரு கணினியிலும் முழு உரிமையுள்ள லோக்கல் அட்மின் கணக்கின் பாஸ்வேர்டையும் எனக்கு முன்பு இருந்தவர் இந்த வழியில்தான் வைத்திருந்தார். 70 கணினிக்கும் ஒன்றே.

2017இல் பயிற்சிக்கு வந்திருந்த பையன் ஒரு நாள் மதியம், "அண்ணா, ஒரு நிமிஷம் வாங்க" என்றான். தன் சாதாரண லாகினிலேயே, சர்வரில் குரூப் பாலிசிக் கோப்புகள் இருக்கும் சிஸ்வால் ஃபோல்டருக்குள் போய், குரூப்ஸ் என்ற எக்ஸ்எம்எல் கோப்பை நோட்பேடில் திறந்து வைத்திருந்தான். 'சிபாஸ்வேர்ட்' என்பதற்குப் பக்கத்தில் புரியாத எழுத்துகளாக ஒரு நீள வரி. "இது நம்ம அட்மின் பாஸ்வேர்டுதானே?"

அதேதான். அதை மறைத்த சாவியை மைக்ரோசாஃப்டே தன் ஆவணத்தில் வெளியிட்டிருந்ததால், பிரித்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. டொமைனில் லாகின் உள்ள யார் வேண்டுமானாலும் சிஸ்வாலைப் படிக்கலாம்.

2014 மே மாதம் மைக்ரோசாஃப்டிடமிருந்து வந்த எம்எஸ்14-025 பாதுகாப்பு அப்டேட்டைப் போட்டிருந்தோம், அதனால் கவலையில்லை என்று இருந்தேன். அது குரூப் பாலிசியில் புதிதாகப் பாஸ்வேர்ட் வைப்பதைத்தான் தடுக்கும்; பழைய கோப்பைத் தொடாது.

அன்றே கோப்பை நீக்கினோம். ஆனால் கோப்பு போனதால் பாஸ்வேர்ட் மாறிவிடாதே! அப்புறம் லோக்கல் அட்மின் பாஸ்வேர்டைத் தானே மாற்றும் மைக்ரோசாஃப்டின் லாப்ஸ் என்ற கருவியைப் போட்டோம். கணினிக்குக் கணினி வேறான 14 எழுத்துப் பாஸ்வேர்ட், 30 நாளுக்கு ஒருமுறை தானே மாறி, டொமைனின் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியில் பதியும். கணக்குப் பிரிவின் 9 கணினிகளுக்கு மட்டும் அந்த இடம் காலியாகவே இருந்தது. அவை இருந்த ஓயூவில் (ஆக்டிவ் டைரக்டரியில் கணினிகளைப் பிரித்து வைக்கும் பிரிவு) கணினிகள் தம் பாஸ்வேர்டை எழுதிக்கொள்ள அனுமதி கொடுக்க மறந்திருக்கிறோம். பதிய முடியாவிட்டால் லாப்ஸ் பாஸ்வேர்டை மாற்றாது. சம்பளப் பட்டியல் இருக்கிற கணினிகளில் இன்னும் இரண்டு நாள் பழைய பாஸ்வேர்டே இருந்தது. யாருக்காவது இப்படி ஓயூ விடுபட்டிருக்கிறதா?

மறுமொழி:

சார், ஓயூ இல்லை, எங்களுக்கும் அனுமதியில்தான் அடி. 2016 ஜூன் 15, அட்வான்ஸ் டாக்ஸ் கட்டக் கடைசி நாள். காலையில் கணக்குப் பிரிவில் ஒருவருக்கும் பி டிரைவ் (குரூப் பாலிசி வழியாக நாங்கள் கொடுத்திருந்த சர்வர் ஃபோல்டர்) இல்லை. முந்தைய இரவு வந்த எம்எஸ்16-072 என்ற விண்டோஸ் அப்டேட்டை ஒரு கணினியிலிருந்து நீக்கிப் பார்த்தோம், டிரைவ் வந்துவிட்டது. அதுவரை பயனருக்கான பாலிசியைப் பயனரின் உரிமையில் படித்த விண்டோஸ், அன்றிலிருந்து கணினியின் உரிமையில் படிக்கத் தொடங்கியிருந்தது. நாங்களோ கணக்குப் பிரிவு குரூப்பைத் தவிர எல்லோரையும் டிரைவ் பாலிசியின் அனுமதிப் பட்டியலிலிருந்து எடுத்திருந்தோம்; அதனால் கணினிகளால் அதைப் படிக்க முடியவில்லை. பாலிசியின் டெலிகேஷன் பக்கத்தில் டொமைன் கம்ப்யூட்டர்ஸ் (டொமைனில் உள்ள எல்லாக் கணினிகளின் குரூப்) படிக்க ரீட் அனுமதி கொடுத்து, எல்லோரையும் லாக் ஆஃப் செய்து வரச் சொன்னோம். மதியச் சாப்பாட்டுக்கு முன்பு செலான் கட்டிவிட்டார்கள்.