தோட்சுற்றா, மேற்கைச் சுற்றளவா? கையேட்டுக்குச் சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,
படுக்கையிலிருக்கும் முதியவர்களின் ஊட்டநிலையை வீட்டிலேயே பார்க்கும் செவிலியருக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறை குறியீட்டெண்ணுக்கு (BMI) ஆளை நிமிர்த்தி உயரம் பார்க்க வேண்டும். கூன் விழுந்தவரை எப்படி நிமிர்த்துவது? கால் வீங்கியிருந்தால் எடையும் தவறாகிவிடும். அதனால் இரண்டு மாற்று அளவுகள்.

ஒன்று: இடது முழங்கையை மடக்கி, தோளெலும்பின் நுனிக்கும் முழங்கை முனைக்கும் நடுவே பேனாவால் புள்ளி வைத்து, கையைத் தொங்கவிட்டு, அந்த இடத்தில் நாடாவைச் சுற்றுவது. 23.5 செ.மீ.க்குக் குறைந்தால் குறியீட்டெண் 20-க்குக் கீழே இருக்கக்கூடும்.

இரண்டு: கழுத்தடிக் குழியிலிருந்து, பக்கவாட்டில் நீட்டிய கையின் நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையிலுள்ள கவை வரை அளந்து உயரத்தைக் கணிப்பது. பெண்களுக்கு 1.35-ஆல் பெருக்கி 60.1 கூட்டுவோம், ஆண்களுக்கு 1.40, 57.8.
இரண்டுக்கும் பெயர் சொல்லுங்கள்.
– மீ.

மீ. அம்மாவுக்கு,
முதலாவதற்குத் தோட்சுற்று. உறுப்புநலன் அழிதல் அதிகாரத்தில் மெலிந்த தோளைப் பற்றி வள்ளுவர் ‘பைந்தொடி சோரும்’ என்கிறாரே (குறள் 1234), தொடி கழன்று விழுவது எந்தத் தோளிலிருந்து? தோள்பட்டையில் யாரும் வளை போடுவதில்லை. மேற்கையைத்தான் தோள் என்றார்கள். உடல் மெலிந்ததை மேற்கையை வைத்துக் கண்டுகொள்ளும் வழக்கம் நம் இலக்கியத்திலேயே இருக்கிறது.
– நா.

நா. ஐயா,
குறள் சரி. ஆனால் நான் பாடம் எடுக்கும் பிள்ளைகளிடம் தோள் என்றால் நாடாவைத் தோள்பட்டையில்தான் போடுவார்கள். தவறான இடத்தில் அளந்தால் 23.5-க்குப் பொருளே இல்லை. அங்கன்வாடியில் குழந்தைகளுக்கு 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு காட்டும் நாடா இருக்கிறது; அதைக் கைச்சுற்றளவு என்கிறார்கள். அதையே வைத்துக்கொள்ளலாம்.
– ச.

கை என்றால் மணிக்கட்டும் கைதான். புயச்சுற்றளவு?
– வே.

புயம் வடசொல், வே. தம்பி. முழமும் சாணும் வைத்து உடம்பையே அளவுகோலாக்கிய மொழிக்கு உறுப்பின் பெயரைக் கடன் வாங்க வேண்டுமா?
– நா.

இரண்டாவதற்கு எங்கள் கடற்கரையில் சொல் தயாராக இருக்கிறது. கயிற்றை இரு கையிலும் பிடித்து நெஞ்சுக்குக் குறுக்கே விரித்தால் ஒரு பாகம். கடலாழத்தை அப்படித்தான் சொல்வோம். நீங்கள் கேட்பது அதில் பாதி: அரைப்பாகம்.
– அ., இராமேசுவரம்

அருமை! வாகு என்றாலும் தோள்தான், வாகுவலயம் தோளணி. பாகமும் அந்த வழியில் வந்ததோ என்று எண்ணுகிறேன்...
– நா.

ஐயா, அப்படியானால் அதுவும் வடமொழிக்கல்லவா போகிறது? புயத்தை மட்டும் ஏன் தள்ளினீர்கள்?
– வே.

உள்நாட்டில் அரைப்பாகம் என்றால் பாதிப் பங்கு என்றுதான் படிப்பார்கள். அரைக் கைவிரிப்பு என்றால் செய்துகாட்டாமலே புரியும்.
– ச.

நன்றி. நாளை கோப்பை அனுப்பியாக வேண்டும். நடு மேற்கைச் சுற்றளவு, அரைக் கைவிரிப்பு என்று போடுகிறேன். கடலோர வட்டாரங்களுக்குப் போகும் படிகளில் அரைப்பாகமும் பக்கத்தில் இருக்கும்.
– மீ.

‘நடு மேற்கைச் சுற்றளவு’ விளக்கம், பெயரல்ல. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அடுத்த பதிப்பில் தோட்சுற்றைச் சொல்லடைவிலாவது சேருங்கள்.
– நா.

கெண்டைக்கால் அளவை விட்டுவிட்டோமே? 31 செ.மீ.க்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும் என்று முதியோர் ஊட்டநிலைப் படிவத்தில் இருக்கிறது. எங்கள் பக்கம் அது ஆடுசதை.
– அ.