முதல் ஹார்ட்டெயில்: 3×7 எடுக்கலாமா, 1×9 எடுக்கலாமா?

மண்பாதை_கோவை:
வணக்கம். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் எஸ்டேட் மண் பாதைகளில் ஓட்ட முதல் எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) வாங்கப் போகிறேன், முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில். குதிக்க மாட்டேன். எடை 82 கிலோ. பார்த்த ரெண்டுமே 29 இஞ்ச் சக்கரம், 100 மி.மீ. அமுங்கும் ஸ்பிரிங் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை). ஒன்று 3×7 (முன்னால் 3, பின்னால் 7 பல்சக்கரம்), கேபிள் டிஸ்க் பிரேக். இன்னொன்று 1×9, திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க், 6,000 ரூபாய் கூடுதல். "மலைக்கு 21 கியர்தான்" என்கிறார் கடைக்காரர். சரியா?

சங்கிலி:
சரியில்லை தம்பி. 21-இல் பாதி ஒன்றோடொன்று மேல்விழும். ஏற்றத்துக்குக் கடைசி கியர்தான் கணக்கு. முன்னால் 24 பல், பின்னால் 28 என்றால் விகிதம் 0.86. முன்னால் ஒற்றைப் பல்சக்கரம் 32 பல், பின்னால் 42 என்றால் 0.76, இதுதான் லேசாக ஏறும். 3×7-இல் பின்னால் 34 பல் இருந்தால் மட்டும் 0.71 கிடைக்கும், எண்ணிப் பாருங்கள்.

அதைவிட முக்கியம் பின் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி). 7 கியர் வண்டிகளில் பெரும்பாலும் ஹப்பில் மரை போட்டு ஏற்றும் பல்சக்கரத் தொகுதியான ஃப்ரீவீல்தான். அதில் வலப்பக்க பேரிங் ரொம்ப உள்ளே தள்ளி இருக்கும். தாங்கல் இல்லாத ஆக்சில் (அச்சு) கல் பாதையில் வளையும், உடையும். உங்கள் எடைக்கு, ஹப்பில் செருகி ஏற்றும் கேசட்தான் வேண்டும். 9 கியர் என்றாலே கேசட் என்று நம்பிவிடாதீர்கள். பல்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுற்றுங்கள்: நடுவில் கருவி மாட்டும் பள்ளமும் கூடவே சுற்றினால் கேசட், அசையாமல் நின்றால் ஃப்ரீவீல்.

நீலமலை_இறக்கம்:
பிரேக்குக்காக மட்டுமே 6,000 தரலாம். மேட்டுப்பாளையம் வரை இறங்கும்போது கேபிள் பிரேக்கில் விரல் மரத்துப்போகும். டிஸ்க்கை அழுத்தும் பிரேக் பேட் தேயத் தேயக் கையால் திருகிச் சரிசெய்யணும். ஹைட்ராலிக் தானே சரிசெய்துகொள்ளும். சக்கரம் கழற்றியிருக்கும்போது மட்டும் லீவரை அமுக்காதீர்கள், பேட் ரெண்டும் நெருங்கிவிடும். புதுப் பேட்டுக்கு, ஓரளவு வேகத்திலிருந்து சக்கரம் பூட்டாமல் இருபது தடவையாவது வேகம் குறைத்துப் பழக்குங்கள். செயின் எண்ணெய் டிஸ்க்கில் படவே கூடாது.

மண்பாதை_கோவை:
நன்றி அண்ணா. ஃபோர்க் ரெண்டிலும் ஒன்றுதான், பின்னாளில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைக்கும் ஏர் ஃபோர்க் மாற்ற முடியுமா?

சங்கிலி:
ஹெட் டியூப் (ஃபோர்க் நுழையும் சட்டக் குழாய்) கீழே அகன்றிருந்தாலோ, உள்விட்டம் நேராக 44 மி.மீ. இருந்தாலோ முடியும். 34 மி.மீ. நேர்க்குழாய் என்றால் இன்றைய ஏர் ஃபோர்க்குகளில் பெரும்பாலானவை ஏறாது. ரெண்டில் எது என்றாலும் உங்கள் உயரத்துக்கான சைஸ் கடையில் இல்லையென்றால் வரும்வரை காத்திருங்கள். அடுத்த சைஸைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.